வரைகலைக் கல்வி: கணினிப் பயிற்சி வேறு, வடிவமைப்புப் படிப்பு வேறு

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு வேளையிலும் எமது பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்கள் நிரம்பி வழிவது வழமை. மூன்றே மாதத்தில் வரைகலை வடிவமைப்பாளராகலாம், படிக்கும்போதே உழைக்கலாம், சான்றிதழுடன் வேலைவாய்ப்பும் உண்டு என்றெல்லாம் அவ்விளம்பரங்கள் கூறும். பல்கலைக்கழக அனுமதிக்குப் போதிய இசட் புள்ளி கிடைக்காத பிள்ளையும், சிறு வயது முதல் கொப்பியின் ஓரங்களில் படம் வரைந்து ஏச்சு வாங்கிய பிள்ளையும், கணினியுடன் தொடர்புடைய தொழில் ஏதாவதொன்று கிடைத்தால் போதும் என்று எண்ணும் பெற்றோரும் அவற்றை ஒரே ஆவலுடன் வாசிக்கின்றனர். கட்டணம் செலுத்தப்படுகிறது. மூன்று மாதங்கள் கழிகின்றன. சான்றிதழும் கிடைக்கிறது. அதன் பின்னர் ஒரு திருமண அழைப்பிதழைக்கூட அப்பிள்ளையால் நம்பிக்கையுடன் செய்து கொடுக்க முடியவில்லை என்ற முறைப்பாட்டை நாம் பல தடவைகள் கேட்டிருக்கிறோம்.

இதில் பிள்ளையைக் குறை கூறுவதற்கில்லை. அப்பிள்ளைக்குக் கற்பிக்கப்பட்டது மென்பொருளின் பொத்தான்கள். கற்பிக்கப்படாதது வடிவமைப்பு. தையல் இயந்திரத்தை மிதிக்கத் தெரிந்த ஒருவருக்குச் சட்டை வெட்டவும் தெரிந்திருக்கும் என்று நாம் எதிர்பார்ப்பதில்லை. வரைகலை விடயத்தில் மட்டும் இவ்வேறுபாடு எமது சமூகத்தில் இன்னமும் உணரப்படவில்லை. ஆக்கத் தொழிலொன்றுக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்த விரும்பும் தமிழ், முஸ்லிம் பெற்றோர் பணத்தைக் கட்டுவதற்கு முன்னர் இதனைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியமாகும். அத்துடன் இது தனிப்பட்ட குடும்பங்களின் பிரச்சினை மாத்திரமன்று. தமிழ் அறிந்த வடிவமைப்பாளர்களின் பற்றாக்குறை இந்நாட்டின் பொது இடங்களில் எமது மொழி எவ்வாறு காட்சியளிக்கிறது என்பதுடனும் நேரடியாகத் தொடர்புபட்டுள்ளது.

மரண அறிவித்தல் தரும் பாடம்

வரைகலை வடிவமைப்பு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வண்ணச் சுவரொட்டியும் நிறுவனங்களின் இலச்சினையுமே. எமது வாசகர்கள் நாள்தோறும் காணும் எளிமையான ஒன்றை நாம் உதாரணமாகக் கொள்வோம். தமிழ்ப் பத்திரிகையில் வெளியாகும் மரண அறிவித்தலில் ஒரு புகைப்படம், பெயர், பிறந்த ஊர், வசித்த ஊர், உறவுமுறைகள், இறுதிக் கிரியைகள் நடைபெறும் நேரமும் இடமும், தொலைபேசி இலக்கங்கள் ஆகியன இடம்பெறுகின்றன. அதனை வாசிப்பவர் யார்? பாடசாலைக் காலத்து நண்பர் முகத்தை வைத்து ஆளை அடையாளம் காண்கிறார். ஊரவர் ஊரின் பெயரைத் தேடுகிறார். மகனுடன் பணிபுரிபவர் கிரியை நேரத்தைத் தேடுகிறார். ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கும் உறவினர் தொலைபேசி இலக்கத்தைத் தேடுகிறார். நால்வருக்கும் தேவையானவை அந்தச் சிறிய சதுரத்துக்குள் அடங்க வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குரியதைச் சில விநாடிகளில் கண்டுகொள்ளவும் வேண்டும்.

முஸ்லிம் குடும்பமொன்றின் ஜனாஸா அறிவித்தலில் தேவை மேலும் அவசரமானது. நல்லடக்கத்தைத் தாமதிக்கலாகாது என்பதால் பத்திரிகை அச்சாகும் வரை அச்செய்தி காத்திருப்பதில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுவதுடன் வட்ஸ்அப்பில் ஒரு படமாகவும் அது பரவுகிறது. சிறிய கைபேசித் திரையில் அப்படத்தைப் பார்ப்பவருக்குத் தொழுகை நேரமும் மையவாடியின் பெயரும் முதற் பார்வையிலேயே தெரிய வேண்டும். அவற்றை அடியில் நெருக்கிவிட்டு, மேலே பூக்களையும் முகில்களையும் நிரப்பிய படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் கடமையில் தவறியதாகும்.

எதை முதலில் காட்டுவது, எதை இரண்டாவதாக வைப்பது, எதைச் சிறிதாக்குவது, எங்கே வெற்றிடம் விடுவது என்ற தீர்மானங்களே வடிவமைப்பு எனப்படுகின்றன. அத்தீர்மானங்களை எடுப்பதற்கு வாசிப்பவர் யார், எந்தச் சூழலில் வாசிக்கிறார் என்பதை அறிந்திருக்க வேண்டும். வெற்றிடத்தை வீண் இடமாகக் கருதி நிரப்பிவிடும் பழக்கம் எம்மிடையே பரவலாக உண்டு. உண்மையில் ஒரு வரியைச் சுற்றியுள்ள வெள்ளையே அவ்வரியை உரத்துப் பேச வைக்கிறது. இதனை எந்த மென்பொருளும் தானாகக் கற்பிப்பதில்லை.

வடிவமைப்புப் பிழைத்தால்

இவ்வாறான தீர்மானங்கள் சில வேளைகளில் ஒரு நாட்டின் வரலாற்றையே தொடுகின்றன. 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில் பயன்படுத்தப்பட்ட வாக்குச்சீட்டு இதற்கு நன்கறியப்பட்ட உதாரணமாகும். முதியோர் எளிதாக வாசிக்கட்டும் என்ற நல்லெண்ணத்துடன் எழுத்துகள் பெரிதாக்கப்பட்டன. அதனால் வேட்பாளர்களின் பெயர்கள் இரு பக்கங்களிலும் பரவின. துளையிட வேண்டிய இடங்களோ நடுவில் ஒரே நிரலாக அமைந்தன. இடப்பக்கத்தில் இரண்டாவதாக இருந்த அல் கோருக்கு உரியது மூன்றாவது துளை. இரண்டாவது துளை வலப்பக்கத்திலிருந்த பற் புக்கானனுக்கு உரியது. அம்மாவட்டத்தில் புக்கானனுக்கு 3,407 வாக்குகள் கிடைத்தன. ஜோர்ஜ் புஷ் அம்மாநிலத்தை வென்றதோ வெறும் 537 வாக்குகளால். அச்சீட்டின் அமைப்பே முடிவை மாற்றிவிட்டதென அரசியல் விஞ்ஞானிகள் பின்னர் ஆய்ந்து கூறினர்.

எமது நாட்டில் 2019ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் 35 வேட்பாளர்கள் போட்டியிட்டனர். மூன்று மொழிகளிலும் பெயர்களையும் அவற்றுடன் சின்னங்களையும் தாங்கிய வாக்குச்சீட்டு இரண்டு அடிக்கும் மேல் நீண்டிருந்தது. அத்தகைய சீட்டில் ஒரு மூதாட்டி தமது விருப்பத்தைத் தவறின்றிப் பதிவு செய்வதற்கு வரிகளின் இடைவெளியும் கோடுகளின் தடிப்பும்கூட முக்கியமானவை.

வீதிக் குறியீடுகளும் அவ்வாறே. பிரித்தானியாவில் 1950களின் பிற்பகுதியில் அதிவேக வீதிகள் அமைக்கப்பட்டபோது, விரைந்து செல்லும் சாரதிகள் வாசிக்கத்தக்க புதிய பெயர்ப் பலகைகள் தேவைப்பட்டன. ஜொக் கின்னியர் என்ற வடிவமைப்பாளரும் அவரது மாணவியாயிருந்த மார்கிரட் கல்வேர்ட்டும் அதற்கெனப் புதிய எழுத்தையே வரைந்தனர். எவ்வளவு தூரத்திலிருந்து வாசிக்க முடிகிறது என்று பரீட்சித்து எழுத்தின் அளவையும் இடைவெளியையும் தீர்மானித்தனர். பின்னர் நாடு முழுவதற்குமான வீதிக் குறியீடுகளும் அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டன. அவ்வடிவங்கள் இன்றும் அந்நாட்டு வீதிகளில் உள்ளன. இலங்கையின் முதலாவது அதிவேக நெடுஞ்சாலை 2011இல் தெற்கில் திறக்கப்பட்டது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீற்றரைக் கடக்கிறது. அவ்வேகத்தில் மும்மொழிப் பலகையில் தமது மொழியைத் தேடிக் கண்டு வாசித்து முடிப்பதற்குச் சாரதிக்குக் கிடைப்பது சில விநாடிகளே.

மும்மொழி நாட்டில் தமிழ் எழுத்து

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் சட்டப் புத்தகத்தில் கிடைத்த இடம் பெயர்ப் பலகையில் கிடைத்துவிடவில்லை. எழுத்துப் பிழை மலிந்த தமிழ், மற்றைய இரு மொழிகளுக்குக் கீழே நெருக்கித் திணிக்கப்பட்ட தமிழ், கொம்பும் அரவும் இடம் மாறி வாசிக்கவே முடியாத தமிழ் ஆகியவற்றை பஸ்களிலும் அலுவலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் நாம் கண்டு சலித்துவிட்டோம். இவற்றுள் ஒரு பகுதிக்கு அரசியல் அலட்சியம் காரணமாகலாம். மறு பகுதிக்கு மிகச் சாதாரணமான ஒரு காரணம் உண்டு. அப்பலகையைக் கணினியில் அமைத்தவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தவருக்கு வடிவமைப்புத் தெரியாது.

இதன் தொழில்நுட்பப் பின்னணியைச் சற்று விளக்குவது பயனுடையது. இலங்கையில் நீண்டகாலமாகப் பெரிதும் பயன்பட்டு வந்த பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே கோவையைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த பொருளற்ற வரிதான் தோன்றும். 1991இல் வெளியான யுனிகோட் முறை தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி இலக்கங்களை வழங்கியது. எனினும் பக்கம் அமைக்கும் மென்பொருட்கள் பல தமிழின் அமைப்பை நெடுங்காலம் சரிவர அறிந்திருக்கவில்லை. இன்றும் அவற்றில் இந்திய மொழிகளுக்குரிய அமைப்பைத் தெரிவு செய்யாவிடின் கொம்பு எழுத்துக்கு முன்னே வராமல் பின்னே சென்று நிற்கக் காணலாம். தமிழ் வாசிக்கத் தெரியாதவருக்கு அது பிழையாகவே தோன்றாது. அவர் அதனை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுவார்.

தமிழ் எழுத்துக்கென்றே சில தேவைகளும் உள்ளன. 'கி', 'கீ' என்பன மேலே எழுகின்றன. 'கு', 'கூ' என்பன கீழே இறங்குகின்றன. ஆகவே ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. எமது சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் ஒரு வரிக்குள் அடங்கும் திணைக்களப் பெயர் தமிழில் இரண்டு வரிகளை வேண்டும். அதற்காக எழுத்தைப் பக்கவாட்டில் நெரித்தால் சுழிகள் அடைபட்டுப் போகும். வரி உடையும் இடத்தில் புள்ளி வைத்த மெய்யெழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வரலாகாது என்பது அச்சுக்கோப்பவர்கள் காலத்திலிருந்து பேணப்பட்டு வந்த ஒழுங்கு. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்த அம்முதியவர்கள் வடிவமைப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தியதில்லை. ஆனால் மேற்கூறியவை அனைத்தும் அவர்களது விரல்களுக்குத் தெரிந்திருந்தன. கணினி வந்தபோது அவ்வறிவு எவருக்கும் கையளிக்கப்படாமலே அவர்கள் வீடு சென்றனர்.

இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகள் இல்லாமலில்லை. கொழும்பைத் தளமாகக் கொண்ட மூனியாக் குழுவினர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றுக்கும் ஒரே சாயலில் உருவாக்கிய 'போஸ்ட் நோ பில்ஸ்' எழுத்துருவில் சிங்கள வடிவத்துக்குக் கொழும்பின் பெயரும் தமிழ் வடிவத்துக்கு யாழ்ப்பாணத்தின் பெயரும் சூட்டப்பட்டுள்ளன. இந்திய வடிவமைப்பாளரான பிரியா இரவிச்சந்திரன் வரைந்த 'கட்டமரான்' என்னும் தமிழ் எழுத்துருவையும் எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். எழுத்துரு வரைதல் என்பது மொழியறிவும் சித்திரக் கையும் ஒன்றுசேரும் துறை. தமிழ் பேசும் மாணவருக்கு அது திறந்து கிடக்கும் வெளியாகும்.

கல்லூரியில் என்ன கற்பிக்கப்பட வேண்டும்?

முறையான வடிவமைப்புக் கற்கைநெறிகளின் தொடக்கத்தில் மாணவர் கணினியைவிடப் பென்சிலையே அதிகம் தொடுவர். இதைக் கண்டு பெற்றோர் சிலர் பணம் வீணாகிறதென நினைப்பதுண்டு. இவ்வொழுங்குக்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1919இல் ஜேர்மனியின் வைமார் நகரில் தொடங்கப்பட்டு, 1933இல் நாஸிகளின் நெருக்குதலால் மூடப்பட்ட பௌஹவுஸ் கல்லூரியில் எல்லா மாணவரும் முதலில் அடிப்படைப் பயிற்சி ஒன்றைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கு கற்பித்த ஜோசப் அல்பர்ஸ் மாணவர்களிடம் பத்திரிகைத் தாள்களைக் கொடுத்து, அத்தாளின் இயல்பை அறிந்து, எதுவும் வீணாகாமல் அதிலிருந்து ஏதேனும் ஆக்கும்படி பணித்தாராம். பொருளை உற்றுநோக்கப் பழகிய கண்ணே பின்னர் எக்கருவியையும் ஆளும் என்பது அதன் உட்பொருள்.

அடிப்படைப் பயிற்சியை அடுத்து எழுத்துக்கலை, பக்க அமைப்பு, நிறம், புகைப்படம், அச்சு முறைகள், கலை வரலாறு, பயனாளரை ஆராய்தல், திரைக்கான வடிவமைப்பு ஆகியன வரும். நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் நிறங்களை உண்டாக்குகிறது. அச்சு இயந்திரமோ சயன், மெஜென்டா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் நிறங்களை ஆக்குகிறது. திரையில் பளீரென்ற பச்சை, தாளில் மங்கி விழுவது இதனாலேயே. தரமான அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 300 புள்ளிகள் கொண்ட படம் தேவை. முகநூலிலிருந்து இறக்கிய சிறிய படத்தைப் பெரிதாக்கினால் முகம் கட்டங்கட்டமாக உடையும். இவ்விரண்டையும் அறியாத விளம்பரங்கள் பத்திரிகை அலுவலகங்களுக்கு இன்றும் நாள்தோறும் வந்துகொண்டிருக்கின்றன.

இவற்றைவிட முக்கியமானது விமர்சன அமர்வு. மாணவர் தமது வேலையைச் சுவரில் ஒட்டிவிட்டு, விரிவுரையாளரும் சக மாணவரும் கூறும் குறைகளைக் கேட்டு, ஏன் அவ்வாறு செய்தேன் என்று காரணம் சொல்ல வேண்டும். பின்னர் திருத்தி மீண்டும் ஒட்ட வேண்டும். வாடிக்கையாளர் முன்னிலையில் நின்று பேசுவதற்கான துணிவு அங்கேயே பிறக்கிறது. இணையத்தில் காணொளி பார்த்து மென்பொருளைக் கற்றுவிடலாம். ஆனால் பிழை சொல்லும் கண்களைக் காணொளி தருவதில்லை. கல்லூரிக்குச் செலுத்தும் பணத்துக்கு ஈடாகக் கிடைப்பதில் மிகப் பெறுமதியானது அதுவே என்பது எமது கருத்து.

நல்ல மாணவர் தமது மரபையும் தேடிச் செல்வர். யாழ்ப்பாணத்தில் 1841இல் வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை', அறிஞர் சித்திலெப்பை 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' ஆகியவற்றின் பக்கங்களே ஒரு பாடநூலாகும். 1938இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் நிறுவிய வின்சர் ஓவியக் கழகமும், ஓவியர் ரமணி வரைந்த நூல் அட்டைகளும் இம்மண்ணுக்குரிய தொடக்கங்கள். உருவம் வரைவதில் தயக்கமுள்ள முஸ்லிம் குடும்பங்கள் இத்துறை தமக்குரியதன்று என எண்ண வேண்டியதில்லை. எழுத்தையும் வடிவியலையும் கலையின் உச்சத்துக்குக் கொண்டு சென்றது இஸ்லாமிய மரபு. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா, எழுதுகோல் இடும் புள்ளியை அளவையாகக் கொண்டு அறபு எழுத்துகளின் விகிதங்களை வகுத்தார். இன்றைய எழுத்துக்கலை வகுப்புகளில் பேசப்படும் விகித உணர்வுக்கு அது மூத்தது. தமிழ் ஒலிகளுக்காக அறபு எழுத்துகளை மாற்றியமைத்த அறபுத்தமிழ் எமது முஸ்லிம் மூதாதையர் செய்த வடிவமைப்பு வேலையே.

திறந்துள்ள வாயில்கள்

அரச பல்கலைக்கழகங்களுள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பீடம் வடிவமைப்பு இளமாணிப் பட்டத்தை வழங்குகிறது. இதற்கு இசட் புள்ளியுடன் உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். போதனாமொழி ஆங்கிலம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் கற்கலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கட்புலத் தொழில்நுட்பக் கலைகளில் பட்டம் வழங்குகிறது. 2005இல் தனிப் பல்கலைக்கழகமாகிய கொழும்பு கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்திலும் கட்புலக் கலைப் பீடம் உண்டு. தகைமைகள் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை. ஆகையால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அவ்வாண்டுக்குரிய கைநூலை மாணவர் நேரில் வாசிப்பதே உகந்தது. மற்றவர் சொல்லைக் கேட்டு விண்ணப்பித்து, உளச்சார்புப் பரீட்சைக்கான திகதியைத் தவறவிட்ட மாணவர்கள் பலர்.

பல்கலைக்கழகம் கிடைக்காதோருக்குத் தேசிய தொழில் தகைமை முறை உண்டு. அதில் நான்காம் மட்டம் வரை சான்றிதழ். ஐந்தாம், ஆறாம் மட்டங்கள் டிப்ளோமா. ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது. படிப்படியாக ஏறுவதற்கு வழியுள்ள ஏணி இது. கொழும்பிலுள்ள தனியார் நிறுவனங்கள் சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களையும் வழங்குகின்றன. அவற்றின் கட்டணம் நடுத்தரக் குடும்பமொன்றுக்குப் பாரிய சுமையாகும். மட்டக்களப்பிலிருந்தோ மன்னாரிலிருந்தோ வரும் பிள்ளைக்கு விடுதிச் செலவும் சேரும்.

எந்த நிறுவனமாயினும் பணம் கட்டுவதற்கு முன்னர் பெற்றோர் சில கேள்விகளைக் கேட்டேயாக வேண்டும். இந்நிறுவனம் மூன்றாம் நிலைக் கல்வி மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா? சான்றிதழ் தேசிய தொழில் தகைமையின் எம்மட்டத்துக்குரியது? கற்பிப்பவர் தொழிலில் ஈடுபட்டவரா? பழைய மாணவரின் வேலைகளைக் காண முடியுமா? மாணவரின் வேலை எத்தனை தடவை திருத்தப்படும்? பாடத்தில் எழுத்துக்கலை உண்டா? தமிழ் எழுத்துடன் வேலை செய்ய இடமுண்டா? இவற்றுக்குத் தெளிவான விடை தராமல், கணினிகளின் எண்ணிக்கையையும் குளிரூட்டிய அறைகளையும் மட்டும் காட்டும் இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

பணமும் கருவிகளும்

அடோபி நிறுவனம் 2013இல் தனது மென்பொருட்களை மாதச் சந்தா முறைக்கு மாற்றத் தொடங்கியது. சந்தாவைக் கணக்கிடுவது டொலரில். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியபோது சிறு அச்சகங்களும் மாணவரும் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. அதே காலத்தில் காகிதத் தட்டுப்பாட்டினால் பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அச்சை மட்டும் நம்பியிருந்த வடிவமைப்பாளர் திரைக்கான வேலையையும் கற்க வேண்டுமென்பதை அந்நெருக்கடி உணர்த்திற்று. திருட்டுப் பிரதிகளுக்கு மாற்றாக இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ், கிரிட்டா போன்ற இலவச மென்பொருட்கள் உள்ளன. கற்கும் காலத்துக்கு அவை தாராளமாகப் போதும்.

கூகுளில் தேடிக் கிடைக்கும் படமெல்லாம் பொதுச்சொத்து என்ற எண்ணமும் களையப்பட வேண்டியது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆக்கியோரின் வாழ்நாளிலும் அதன் பின்னர் 70 ஆண்டுகளுக்கும் பதிப்புரிமை நீடிக்கிறது. அதே சட்டம் நாளை இம்மாணவரின் ஆக்கத்தையும் காக்கும்.

செயற்கை நுண்ணறிவு படம் வரையும் காலத்தில் இப்படிப்பு எதற்கு என்ற கேள்வி இப்போது எழுப்பப்படுகிறது. நியாயமான கேள்வியே. 2022 முதல் பரவிய அக்கருவிகளும், அதற்கு முன்னரே வந்த கென்வா போன்ற ஆயத்த வார்ப்புருக்களும் எளிய வேலைகள் பலவற்றைப் பறித்துவிட்டன என்பதை மறைப்பதற்கில்லை. பிறந்தநாள் வாழ்த்தையும் கடைத் திறப்பு விழா அழைப்பையும் செய்து மட்டும் இனிப் பிழைக்க முடியாது. மூன்று மாதப் பயிற்சி பெற்றவரே இதனால் முதலில் பாதிக்கப்படுகிறார். ஏனெனில் அவர் கற்றதைத்தான் கருவி இப்போது தானே செய்கிறது. ஜனாஸா அறிவித்தலில் எதை முதலில் வைப்பது, மருந்துப் பொதியில் அளவை எவ்வாறு எழுதினால் வாசிக்கத் தெரிந்த பேரன் பாட்டிக்குச் சரியாகச் சொல்வான், மும்மொழிப் பலகையில் மூன்று மொழிகளுக்கும் சம மரியாதை கிடைப்பது எவ்வாறு என்பன போன்ற கேள்விகளை எழுப்புவதற்கும், கருவி தந்த விடை சரியா பிழையா என்று கூறுவதற்கும் பயின்ற மனிதர் ஒருவர் தேவை. அவர் அம்மக்களின் மொழியை அறிந்தவராகவும் இருக்க வேண்டும்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம்

உளச்சார்புப் பரீட்சைக்கோ நேர்முகத்துக்கோ செல்லும் மாணவரிடம் பொதுவாக எதிர்பார்க்கப்படுவது ஆக்கத் தொகுப்பு ஒன்று. இதற்குக் கணினிகூட அவசியமன்று. வீட்டுச் சமையலறையையும் சந்தையையும் பஸ் தரிப்பிடத்தையும் பென்சிலால் வரையலாம். பிடித்த நூலொன்றுக்கு அட்டை அமைக்கலாம். 'அ' முதல் 'ஒள' வரை தமது கையால் ஓர் எழுத்து வரிசையை ஒரே தடிப்பில் வரைந்து பார்க்கலாம். ஊரில் பிழையாக உள்ள ஒரு பெயர்ப் பலகையைப் புகைப்படம் எடுத்து, அதனை எவ்வாறு திருத்துவீர்கள் என்று வரைந்து, காரணங்களையும் எழுதலாம். முடிந்த வேலையுடன் முயன்று தோற்ற வரைவுகளையும் சேர்த்து வைப்பது நன்று. மாணவர் எவ்வாறு சிந்திக்கிறார் என்பதைத் தேர்வாளர் அவற்றிலிருந்தே அறிவர்.

பாடசாலைகளுக்கும் இதில் பங்குண்டு. உயர்தரத்தில் சித்திரத்தைப் பெறுபேறு குறைந்த மாணவருக்கான பாடமாக ஒதுக்கும் மனப்பான்மை எமது பாடசாலைகள் பலவற்றில் இன்னமும் நிலவுகிறது. மருத்துவரையும் பொறியியலாளரையும் உருவாக்குவதில் நாம் காட்டிய அக்கறையில் ஒரு சிறு பங்கைச் சித்திர அறைக்குக் காட்டியிருந்தால், எமது பெயர்ப் பலகைகளைத் திருத்தும்படி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறரிடம் மனுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்வது எமது உரிமை. அப்பலகையைப் பிழையின்றி, அழகுற, மற்றைய மொழிகளுக்குச் சமமாக அமைக்கத் தெரிந்த ஒருவரை வளர்த்தெடுப்பது எமது பொறுப்பு.

கொப்பியின் ஓரத்தில் படம் வரையும் பிள்ளையை ஏசுவதற்கு முன்னர், அப்படத்தை ஒரு கணம் பார்க்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். அக்கையில் திறமை தெரிந்தால், அதற்குரிய ஆசானையும் உரிய காலத்தையும் தேடிக் கொடுங்கள். மூன்று மாதம் அதற்குப் போதாது.